பின்னிருக்கையின் கணக்கு

வீட்டுக்கு ஒரு கார் வாங்குவது இன்று நம் குடும்பங்களில் அரிய செய்தி அன்று. ஒரு தலைமுறைக்கு முன் நிலைமை வேறு. வெளியூர்த் திருமணத்துக்கோ மருத்துவமனைக்கோ போக வேண்டுமானால் அம்பாசிடர் ஒன்றை வாடகைக்குப் பேசுவார்கள். பேசும்போதே கேட்கப்படும் முதற் கேள்வி, "எத்தனை பேர் போகிறீர்கள்?" என்பதுதான். முன்னிருக்கையில் மூவர், பின்னிருக்கையில் நால்வர், மடிகளில் குழந்தைகள் என்று நெருங்கி அமர்ந்து போனோம். அது பாதுகாப்பான பயணம் என்று இன்று யாரும் சொல்லத் துணியமாட்டார்கள். ஆயினும் யாரையும் விட்டுவிடக் கூடாது என்ற எண்ணம் அந்தக் கேள்வியில் இருந்தது. 2014-ஆம் ஆண்டோடு அம்பாசிடரின் உற்பத்தி நின்றுபோயிற்று. அந்தக் கேள்வியும் அதனோடு நின்றுவிட்டது போலும். இன்று கார் வாங்கப் போகிறவரிடம் நண்பர்கள் கேட்பது, "பிக்கப் எப்படி?" என்பதே.

எங்கள் வீட்டில் அண்மையில் இவ்விரு கேள்விகளும் எதிரெதிரே வந்து நின்றன. எங்கள் ஊர் காயல்பட்டினம். பெண் மக்கள் திருமணத்துக்குப் பின்னும் தாய்வீட்டிலேயே வாழும் வழக்கம் உடையது. அவ்வழக்கத்தின்படி நானும் என் மனைவியின் வீட்டில் இருக்கிறேன். என் மகளும் அதே வீட்டில் இருக்கிறாள். மனைவியின் தாயார், எங்கள் மாமி, எண்பத்திரண்டு வயதினர். மகளுக்குக் குழந்தைகள் இருவர். மருமகன் துபாயில் வேலை பார்க்கிறார்; ஆண்டுக்கு ஒரு மாத விடுப்பில் வருகிறார். அவர் வந்திருக்கும்போது நாங்கள் ஏழு பேர்; இல்லாதபோது ஆறு பேர். இம்முறை வந்தவர், தம் சேமிப்பிலிருந்து வீட்டுக்கு ஒரு கார் வாங்க விரும்பினார். அவர் மனத்தில் இருந்தது 'கிரெட்டா என் லைன்' என்னும் வண்டி. பதினொரு மாதங்கள் அதை ஓட்டப் போகிறவன் நான் என்பதால் என் கருத்தைக் கேட்டார்.

ஹூண்டாய் நிறுவனம் சென்னையை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதல் கார்களைச் செய்து வருகிறது. கிரெட்டா அங்கே உருவாகும் எஸ்.யு.வி. அதன் விளையாட்டு வடிவமான என் லைன் 2024 மார்ச்சில் வெளிவந்தது. ஒன்றரை லிட்டர் டர்போ பெட்ரோல் எஞ்சின், 160 குதிரைத் திறன். நின்ற நிலையிலிருந்து 100 கிலோமீட்டர் வேகத்தை 8.9 வினாடிகளில் எட்டும் என்பது செய்தவர்களின் கூற்று. கறுப்பு உள்ளறை, ஆங்காங்கே சிவப்புக் கோடுகள், பதினெட்டு அங்குலச் சக்கரங்கள், இரட்டைப் புகைக்குழாய். இளைஞர் ஒருவர் அதன் மீது ஆசை கொள்வதில் வியப்பில்லை. நானும் ஓட்டிப் பார்த்தேன். மிதித்த அளவுக்கு ஓடும் குதிரை போன்று அது என் காலுக்குக் கட்டுப்பட்டது என்பதை மறைக்க வேண்டியதில்லை.

நன்மைகளை முதலில் சொல்லிவிடுவோம். இருக்கை சற்று உயரத்தில் இருப்பதால் சாலை நன்றாகத் தெரிகிறது. முழங்கால் வலி உள்ளவர்களுக்குத் தாழ்ந்த காரில் குனிந்து இறங்கி உட்காருவதும், பிறகு தூக்கிக்கொண்டு எழுவதும் பெருந்துன்பம். இவ்வண்டியில் இருக்கை ஏறத்தாழ இடுப்பின் உயரத்தில் இருக்கிறது; பக்கவாட்டில் அமர்ந்து கால்களை உள்ளே திருப்பிக்கொண்டால் போதும். லாரியின் அடிச்சட்டம் போன்ற சட்டத்தின் மேல் அமைந்த பெரிய எஸ்.யு.வி.களில் படியேறித்தான் உள்ளே போக வேண்டும். இதில் அந்தத் தொல்லை இல்லை.

எஞ்சினின் வலிமையும் வீண் ஆடம்பரம் என்று தள்ளத்தக்கதன்று. எங்கள் ஊரிலிருந்து திருநெல்வேலி ஏறத்தாழ 60 கிலோமீட்டர். மாமியின் மருத்துவத்துக்காக மாதம் ஒருமுறை அங்கே போகிறோம். வழியில் பெரும்பகுதி எதிரெதிர் வண்டிகள் ஒரே தளத்தில் வரும் இருவழிச் சாலை. லாரியை முந்தும்போது எதிர்த்திசைப் பாதையில் நாம் இருக்கும் நேரம் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது. வலிமையான எஞ்சின் அந்த நேரத்தைக் குறைக்கிறது. ஆனால், முந்த முடியும் என்ற துணிவே முந்தக் கூடாத இடத்திலும் நம்மை முந்தத் தூண்டும் என்பதையும் சேர்த்தே எண்ண வேண்டும். ஓடும் வண்டியின் ஆற்றல் வேகத்தின் இருமடிப் பெருக்கத்தில் வளர்வது. 80-லிருந்து 100-க்கு வேகம் கால் பங்குதான் கூடுகிறது. மோதலின் ஆற்றலோ ஒன்றரை மடங்குக்கு மேல் ஆகிறது. வேகத்தின் இன்பம் ஓட்டுகிறவர் ஒருவருக்கு. அதன் அதிர்ச்சி அமர்ந்திருக்கும் அனைவருக்கும்.

இந்த வேறுபாடு விபத்தில்தான் வெளிப்படும் என்பதும் இல்லை. பெரிய சக்கரத்தில் டயரின் ரப்பர்ச் சுவர் குறுகிவிடுகிறது. அதனோடு வளைவுகளில் சாயாதிருக்க சஸ்பென்ஷனையும் சற்று இறுக்கி வைக்கிறார்கள். ஸ்டீயரிங்கைப் பிடித்திருப்பவருக்குச் சாலையோடு பேசிக்கொண்டே போவது போன்ற உணர்வு கிடைக்கிறது. பின்னால் அமர்ந்திருக்கும் எண்பத்திரண்டு வயது முதுகெலும்போ, அந்தப் பேச்சின் ஒவ்வொரு சொல்லையும் வாங்கிக்கொள்கிறது. திருநெல்வேலிக்குப் போகும் வழியில் எத்தனை வேகத்தடைகள் என்பதை நான் எண்ணியதில்லை, மாமி எண்ணியிருப்பார்.

எஸ்.யு.வி.யின் உயரம் வெள்ளத்தில் காக்கும் என்று பலர் நம்புகிறார்கள். எங்கள் ஊராருக்கு இது வெறும் பேச்சன்று. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. "அன்று இப்படி ஒரு வண்டி இருந்திருந்தால்!" என்றார் மருமகன். தரைக்கும் வண்டியின் அடிப்பகுதிக்கும் உள்ள இடைவெளி 190 மில்லிமீட்டர். அதாவது பத்தொன்பது சென்டிமீட்டர், ஒரு சாண் அளவு. பள்ளமும் மேடுமான சாலைக்கு அது பேருதவி. ஓடும் வெள்ளத்துக்கு அது பொருட்டே அல்ல. முப்பது சென்டிமீட்டர் நீரோட்டம் பல கார்களை நகர்த்திவிடும். அறுபது சென்டிமீட்டர் நீரோட்டம் எஸ்.யு.வி.யையும் இழுத்துச் சென்றுவிடும். வெள்ளநாளில் எந்த வண்டியும் வீட்டிலேயே நிற்பதுதான் முறை.

உயரத்துக்கு இன்னொரு பக்கமும் உண்டு. முன்பக்கம் உயர உயர, அதன் முன்னே நிற்கும் சிறு குழந்தை ஓட்டுகிறவர் கண்ணுக்குத் தெரியாமற்போகும். அமெரிக்காவில் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக்கான காப்பீட்டுக் கழகம் 2023-இல் வெளியிட்ட ஆய்வில், முன்பக்கம் ஏறத்தாழ ஒரு மீட்டருக்கு மேல் உயர்ந்த வண்டிகள் மோதினால், தாழ்ந்த சரிவான கார்கள் மோதுவதைவிடப் பாதசாரி உயிரிழக்கும் வாய்ப்பு 45 சதவீதம் மிகுதி என்று கண்டிருக்கிறார்கள். எல்லா எஸ்.யு.வி.களும் அத்தனை உயரம் உடையவை அல்ல. ஆயினும் முடுக்குகளும் குறுந்தெருக்களும் நிறைந்த ஊரில், அஸர் நேரத்துக்குப் பின் தெருவெல்லாம் பிள்ளைகள் விளையாடும் ஊரில், இதை நினையாமல் வண்டி எடுக்க முடியாது.

அடுத்தது பணம். வட்டிக்குக் கடன் எடுப்பதில்லை என்பது எங்கள் வீட்டு ஒழுங்கு. ஆகவே வாங்குவது எதுவாயினும் கையிருப்பிலிருந்து முழுமையாகக் கொடுத்தாக வேண்டும். என் லைன் அறிமுகமானபோது அதன் விலை ஏறத்தாழ 17 லட்சத்திலிருந்து 20 லட்சம் வரை இருந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் நான்கு மீட்டர் நீளத்துக்கு மிகாத, சிறிய எஞ்சின் உள்ள கார்களுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம், 4.33 மீட்டர் நீளமுள்ள இவ்வண்டி போன்றவற்றுக்கு 40 சதவீதம். இதற்கு மேல் தமிழ்நாட்டின் ஆயுள் வரி வேறு. 2023 நவம்பரில் உயர்த்தப்பட்ட விகிதப்படி பத்து லட்சத்துக்கு மேல் இருபது லட்சம் வரையிலான கார்களுக்கு அது 18 சதவீதம். பாலைவனத்து வெயிலில் பல ஆண்டுகள் சேர்த்த பணம் இது. அதில் கணிசமான பங்கு வண்டியின் இரும்புக்கும் போகாமல் வரிக்கே போகிறது என்பதைத் தாளில் எழுதிக் காட்டினேன்.

இவ்வளவையும் கேட்ட மருமகன் சொன்ன மறுமொழி என்னைச் சிந்திக்க வைத்தது. "மாமா, நீங்கள் சொல்வதெல்லாம் சரிதான். பதினொரு மாதம் கம்பெனி வேனில் பின்னால் உட்கார்ந்துதான் வேலைக்குப் போய் வருகிறேன். ஊருக்கு வந்து அந்த ஒரு மாதமாவது, எனக்கென்று ஒரு வண்டியை ஆசையாக ஓட்டக் கூடாதா?" என்றார். இதை இளமைத் துடிப்பு என்று புறந்தள்ள எனக்கு மனம் வரவில்லை. குடும்பத்துக்காக உழைப்பவரின் மகிழ்ச்சியும் குடும்பக் கணக்கில் ஓர் இனம்தான். தராசில் அதையும் வைத்துத்தான் எடை பார்க்க வேண்டும்.

ஆனால் அந்தத் தராசில் நாங்கள் இருவருமே வைக்க மறந்திருக்கக் கூடிய ஒன்றை மாமியே எடுத்து வைத்தார். கிரெட்டாவில் ஐந்து இருக்கைகள். நாங்களோ ஏழு பேர். இதை என் மகள் சொன்னவுடன் மாமி, "நீங்கள்லாம் போய்ட்டு வாங்க மாப்பிளை, ஊட்டுல ஆள் வேணும்லா" என்றார். அவர் அதைக் குறையாகச் சொல்லவில்லை; இயல்பாகவே சொன்னார். அந்த இயல்புதான் நெஞ்சைத் தைத்தது. ஐந்து இருக்கை வண்டி வந்தால் வீட்டில் நிற்கப் போகிறவர்கள் யார் என்பது கேட்காமலே முடிவான ஒன்று: மூத்த பெண்மணி ஒருவர், அவருக்குத் துணையாக என் மனைவி. குற்றாலச் சாரலுக்கும், உறவினர் வீட்டுத் திருமணத்துக்கும் மற்றவர்கள் புறப்படும்போது, வாசலில் நின்று வழியனுப்புவதற்கென்றே இருவர் ஒதுக்கப்பட்டுவிடுவார்கள். எந்த விளம்பரத் தாளிலும் இந்தக் குறைபாடு அச்சாவதில்லை.

பின்னால் அமர்கிறவர்களை நாம் எவ்வளவு எளிதாக மறக்கிறோம் என்பதற்கு நாடறிந்த சான்று ஒன்று உண்டு. 2022 செப்டம்பர் 4-ஆம் நாள், தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி சென்ற எஸ்.யு.வி. மகாராஷ்டிரத்தில் ஒரு பாலத்துச் சுவரில் மோதியது. விலையுயர்ந்த, பாதுகாப்புக்குப் பெயர் பெற்ற வண்டி அது. முன்னிருக்கையில் இருந்த இருவரும் உயிர் பிழைத்தனர். பின்னிருக்கையில் இருந்த மிஸ்திரியும் மற்றொருவரும் இறந்தனர். பின்னால் இருந்தவர்கள் சீட் பெல்ட் அணிந்திருக்கவில்லை என்று காவல்துறை தெரிவித்தது. பதினான்கு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளைப் பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இன்றி அழைத்துச் சென்றால் ஆயிரம் ரூபாய் அபராதம் என்று 2019-ஆம் ஆண்டின் சட்டத் திருத்தம் சொல்கிறது. 2023 அக்டோபர் முதல் நம் நாட்டிலேயே நடைமுறைக்கு வந்துள்ள பாரத் என்கேப் சோதனையும், குழந்தைகளின் பாதுகாப்புக்குத் தனியே நட்சத்திரங்கள் வழங்குகிறது. வண்டி பார்க்கப் போகிறவர்கள் அந்த இரண்டாவது எண்ணைக் கேட்டு வாங்க வேண்டும்.

மாமியின் சொல்லுக்குப் பின் மருமகன் வேறொன்றும் பேசவில்லை. இரண்டு நாள் கழித்து அவரே ஒரு யோசனை சொன்னார். கிரெட்டாவின் நீண்ட உடன்பிறப்பாகிய 'அல்கசார்' என்னும் வண்டிக்கு மூன்று வரிசை இருக்கைகள். 160 குதிரைத் திறனுள்ள அதே டர்போ எஞ்சின் அதிலும் கிடைக்கிறது. 2024 செப்டம்பரில் புதுவடிவில் வந்தபோது அதன் தொடக்க விலை என் லைனைவிடக் குறைவாக, ஏறத்தாழ 15 லட்சமாக இருந்தது. குறை அதற்கும் உண்டு. மூன்றாம் வரிசையில் தரை உயர்ந்து முழங்கால் மேலெழும். பிள்ளைகளுக்கு அது பொருந்தும், பெரியவர்களுக்கு நெடும்பயணத்தில் பொருந்தாது. ஏழு பேரும் ஏறிவிட்டால் டிக்கியில் பெரிய பெட்டிகளுக்கு இடமில்லை. எர்டிகா, காரன்ஸ், இன்னோவா ஆகிய வண்டிகளையும் இதே வகையில் பட்டியலிட்டு ஒப்பிட்டோம்.

பிறகு குடும்பத்தோடு ஷோரூமுக்குப் போனோம். மருமகன் ஓட்டுநர் இருக்கையில் அமரவில்லை. மாமியை இரண்டாம் வரிசையில் அமரச் செய்து, எழச் செய்து, மீண்டும் அமரச் செய்து பார்த்தார். பிள்ளைகளை மூன்றாம் வரிசைக்கு அனுப்பிப் பெல்ட் போடச் சொன்னார். கொண்டுபோன பெட்டியை டிக்கியில் வைத்துக் கதவை அடைத்தார். விற்பனையாளர் வேகத்தைப் பற்றிச் சொல்லத் தொடங்கியபோது, "அது எனக்குத் தெரியும் தம்பி, பின்னால் குளிர்காற்று வருகிறதா, அதைச் சொல்லுங்கள்" என்றார். ஏழு இருக்கை வண்டிக்கே முன்பணம் கட்டினோம்.

விளையாட்டு வண்டியை யாரும் வாங்கவே கூடாது என்று நான் வாதிடவில்லை. நால்வர் உள்ள வீட்டுக்கு, சாலையும் பொறுப்பும் அறிந்த கைகளுக்கு அது நல்ல வண்டியாகவே அமையலாம். வாசகர்களிடம் நான் வேண்டுவது ஒன்றுதான். கார் பார்க்கப் போகும்போது வீட்டில் மிகக் குறைவாகப் பேசுகிறவரை உடன் அழைத்துச் செல்லுங்கள். அவரைப் பின்னிருக்கையில் அமர்த்தி, கதவைச் சாத்தி, சற்றுத் தொலைவு ஓட்டச் சொல்லுங்கள். இறங்கும்போது அவர் முகம் எப்படி இருக்கிறதென்று பார்த்துவிட்டு, அதன் பிறகு விலையைப் பேசுங்கள்.