வெடித்த ஓஸும் பிடித்த கையும்

சங்ககிரியிலிருந்து திருச்செங்கோடு போகிற சாலையோரம், லாரிக்குத் தண்ணீர் அடிக்கிற சர்வீஸ் ஸ்டேஷன்களுக்குக் குறைவில்லை. சங்ககிரி லாரிக்காரர்களின் ஊர், திருச்செங்கோடு ரிக் வண்டிக்காரர்களின் ஊர். இரண்டுக்கும் நடுவில் தண்ணீர் அடிக்கிறவருக்கு வேலை இல்லாத நாள் அபூர்வம். வடக்கே எங்கெங்கோ போர் போட்டுவிட்டுத் திரும்பும் ரிக் வண்டியின் அடியில் ஒட்டிய மண்ணைப் பார்த்தே, அது எந்தப் பக்கம் போய் வந்தது என்று சொல்லிவிடுவார்கள். கரிசல் மண் பட்டை இடுக்கில் காய்ந்து இறுகினால் கம்பியால் குத்தினாலும் பெயராது. தண்ணீருக்குத்தான் விடும்.

ஆயுத பூஜைக்கு முந்தைய வாரம் நான் போயிருந்தபோது வண்டிகள் சாலை வரை வரிசை கட்டி நின்றன. எஃப்.சி.க்குப் போகிற வண்டி, பூஜைக்குப் போகிற வண்டி, இரண்டுக்கும் சேர்த்து ஒரே கழுவலில் முடித்துக்கொள்ளப் பார்க்கிற வண்டி. ராம்பின் மேல் ஒரு டாரஸ் லாரி ஏறி நின்றது. அதன் அடியில் ரப்பர் பூட்ஸும் பழைய ரெயின்கோட்டுமாக ஐம்பதைத் தொடும் ஒருவர். அவருக்கு உதவியாக ஒரு பையன். பையன் அவரை மாமா என்றான். அவர் அவனைப் பெரும்பாலும் ‘டேய்’ என்றார். இருவருக்கும் மாதச் சம்பளம் கிடையாது, வண்டிக்கு இவ்வளவு என்று கூலி. இதை முதலிலேயே சொல்லிவைக்கிறேன், பின்னால் வேண்டியிருக்கும்.

மூலையில் தகரக் கொட்டகைக்குள் மோட்டாரும் மூன்று பிளஞ்சர் கொண்ட பம்பும். முன்பு இருந்த பெல்ட் பம்பு 500 பவுண்டைத் தாண்டாதாம். அதற்கு வயலில் மருந்தடிக்கிற ஸ்பிரேயர் ஓஸே போதும். உள்ளே நூல் பின்னிய பிளாஸ்டிக் ஓஸ், விலையும் மலிவு. புதுப் பம்பு 150 பார் கொடுக்கிறது. இங்கே யாரும் பாரில் பேசுவதில்லை; டயருக்குக் காற்றடிக்கிற கணக்கில் எல்லாம் பவுண்டுதான். 150 பார் என்றால் ஏறக்குறைய 2200 பவுண்டு. நிமிடத்துக்கு 15 லிட்டர் தண்ணீர் அந்த அழுத்தத்தில் நாசிலைத் தாண்டும்போது வேகம் மணிக்கு 600 கிலோமீட்டரை ஒட்டி இருக்கும். தண்ணீர் பீச்சும் கன்னைப் பிடித்திருப்பவரின் கையை ஏறத்தாழ நான்கு கிலோ எடைக்குச் சமமான விசை பின்னுக்குத் தள்ளிக்கொண்டே இருக்கும். காலை ஏழு மணியிலிருந்து இருட்டும்வரை.

பம்பை மாற்றியவர்களில் சிலர் ஓஸை மாற்றவில்லை என்பதுதான் இந்தச் சாலையின் பழைய கதை. பழைய ஸ்பிரேயர் ஓஸையே புதுப் பம்பில் மாட்டி, அது பலூனாக ஊதி வெடித்ததைச் சிரித்துக்கொண்டே சொல்கிறார்கள். நான் போன இடத்தில் அந்தத் தவறு இல்லை. ரப்பருக்குள் எஃகுக் கம்பி பின்னிய சரியான ஓஸ்தான் போட்டிருந்தார்கள். ஆனாலும் அது வெடித்தது.

பெரிய சத்தம் எதுவும் இல்லை. ‘டப்’ என்று ஒன்று, உடனே ராம்பின் ஓரத்தில் வெள்ளைப் புகையாகத் தண்ணீர். ஓஸ் தரையில் ஒருமுறை துள்ளிப் புரண்டது. பெரியவர் கன்னை விட்டுவிட்டார், தண்ணீர் நிற்கவில்லை. கன்னுக்கும் பம்புக்கும் நடுவில் ஓஸ் திறந்துகொண்டால் கன்னை விட்டு என்ன பயன், மோட்டாரை நிறுத்தினால்தான் நிற்கும். ஸ்விட்ச் கொட்டகைக்குள் இருக்கிறது. பையன் ஓடினான். ஈரத்தரையில் ஓடாதே என்று கத்தியபடியே பெரியவர் லாரிக்கு அந்தப் பக்கம் ஒதுங்கினார்.

முதலாளி வந்து பார்த்துச் சொன்னது: “நாலு மாசங்கூட ஆகலைங்க. சுண்டிச் சுண்டி இழுத்தா எந்த ஓஸு தாங்கும்?” என்னிடம் சொல்வதுபோல அவருக்குச் சொன்னார். பெரியவர் பதில் பேசவில்லை. ஓஸைக் கழற்றிச் சுருட்டினார். கையுறை போடாத கை. அங்கங்கே சிவப்புப் புள்ளிகள். கம்பி குத்தியது என்றார். வெளி ரப்பர் தேய்ந்து, உள்ளே அறுந்த கம்பி நுனிகள் நீட்டிக்கொண்டு நின்றால் இப்படிக் குத்துமாம். அதனால் தினமும் காலையில் மோட்டாரைப் போடுமுன் ஓஸ் முழுக்கக் காட்டன் வேஸ்ட்டால் ஒருமுறை துடைப்பார். பஞ்சு எங்கே சிக்குகிறதோ அங்கே ஓஸ் கெட ஆரம்பித்துவிட்டது. ராம்ப் ஓரத்தில் இரண்டு வாரமாகவே பஞ்சு சிக்கியதாம். சொன்னீர்களா என்று கேட்டேன். “சொன்னேனுங்க. பூஜ போகட்டும்னாங்க.”

துடைப்பதும் மோட்டார் ஓடாதபோதுதான். அழுத்தம் ஏறிய ஓஸில் கசிவைக் கையால் தேடவே கூடாது. ஊசித் துளை வழியாக வரும் தண்ணீர் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே ஒரு புள்ளிதான் தெரியும், உள்ளே நரம்பும் தசைநாரும் ஓடுகிற வழியெல்லாம் கெட்டுக்கொண்டிருக்கும். கழுவிய அழுக்குத் தண்ணீர் என்றால் சீழ் பிடிக்கவும் செய்யும். சின்னக் காயம் என்று மஞ்சள் வைத்துக் கட்டிக்கொண்டு இரண்டு நாள் இருந்தால் விரலே போகலாம். அன்றே, அடுத்த மணி நேரத்துக்குள்ளேயே, அறுவை சிகிச்சை செய்யக்கூடிய மருத்துவமனைக்குப் போக வேண்டிய காயம் அது. கசிவைத் தேட ஓர் அட்டையைக் காட்டினால் போதும். இதைக் கேட்டதும் பையன் தன் கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டான்.

திருச்செங்கோட்டில் ஓஸ் கடைகள் இருப்பதற்குக் காரணம் ரிக் வண்டிகள். கம்ப்ரஸருக்குக் காற்று ஓஸ், ஜாக்கிக்கும் துளையிடும் தலைக்கும் ஹைட்ராலிக் ஓஸ் என்று ஒரு ரிக்கின் உடம்பு முழுக்க ஓஸ்தான். அந்தப் புண்ணியத்தில் தண்ணீர் அடிக்கிறவர்களுக்கும் நல்ல கடை கிடைத்தது. பெரியவர் ஓஸைத் தன் டி.வி.எஸ். எக்ஸெல் வண்டியின் முன்பக்கம் வைத்துக்கொள்ள, நான் பின்னால் உட்கார்ந்து போனேன்.

கடைக்காரர் வெடித்த இடத்தை முதலில் பார்க்கவில்லை. எழுத்தைப் படித்தார். ஓஸின் மேல் ஒரே கோடாக அச்சடித்திருப்பார்கள்: ஈ.என். 853, 1 எஸ்.என்., அதாவது ஒரு சுற்றுக் கம்பிப் பின்னல், 10, உள்விட்டம் மில்லிமீட்டரில், இவர்கள் கணக்கில் மூணு நூல், 180 பார், எந்த ஆண்டு, எந்தக் காலாண்டில் செய்தது என்பது. அந்த எழுத்துக்கோடு நேராக ஓடாமல் ஓஸைச் சுற்றிச் சுற்றிப் போனால், மாட்டும்போதே முறுக்கி மாட்டிவிட்டார்கள் என்று பொருள். இது நேராகத்தான் இருந்தது. “மாட்டுனதுல தப்பில்லைங்க” என்றார். பெரியவர் அப்போதுதான் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

180 பார் தாங்குகிற ஓஸ் 150 பாரில் ஏன் வெடிக்க வேண்டும் என்று கேட்டேன். வெடிக்கக் கூடாதுதான். எழுதியிருப்பது வேலை அழுத்தம். புது ஓஸை வெடிக்க வைக்க அதைப்போல நான்கு மடங்கு, 720 பார் வரை வேண்டும். அதுவும் கன்னை ‘டக் டக்’கென்று விட்டுவிட்டுப் பிடிக்கும்போது ஏறுகிற அதிர்ச்சிக்கெல்லாம் சேர்த்து வைத்த இடைவெளி. அந்த இடைவெளியை யாரோ தின்றிருக்கிறார்கள். யார் என்று கண்டுபிடிப்பதுதான் அவர் வேலை.

ஓர் அங்குலத் துண்டு வெட்டி எடுத்து என் கையில் கொடுத்தார். நடுவில் கருப்பு ரப்பர், எண்ணெய்க்கு அசையாத நைட்ரைல். அதைச் சுற்றிக் கூடை பின்னுவதுபோல் மெல்லிய கம்பிகள் மாறி மாறி ஏறி இறங்குகின்றன. கம்பிக்குப் பித்தளைப் பூச்சு. ரப்பர் ஒட்டிப் பிடிக்க அது வேண்டும். அச்சுக்கு ஏறக்குறைய 54.7 பாகைச் சாய்வில் பின்னியிருப்பார்கள். குழாய்க்குள் அழுத்தம் ஏறினால் சுற்றளவை விரிக்கிற விசை நீளத்தை இழுக்கிற விசையைப்போல இரண்டு மடங்கு. அந்தச் சாய்வில் கம்பி இரண்டையும் சரியாகப் பங்குபோட்டுத் தாங்கும், ஓஸ் பெரிதாக நீளவும் செய்யாது, குறுகவும் செய்யாது. கடைக்காரருக்கு அந்தக் கணக்கு வேண்டியதில்லை. பின்னல் ஓரிடத்தில் நசுங்கினால் சாய்வு மாறிவிடும், அதற்கப்புறம் அந்த இடம் ஒவ்வொரு முறையும் மூச்சு வாங்கும் என்று அவர் சொன்னதும் அதேதான்.

நசுங்கிய இடம் வெடித்த இடத்திலேயே இருந்தது. வெர்னியரை ஒரு பக்கம் வைத்து அளந்தார், திருப்பி வைத்து அளந்தார். வட்டமில்லை. “டயர் ஏறியிருக்குதுங்க. லோடு வண்டி.” பிறகு கம்பி நுனிகளைக் காட்டினார். வெட்டிய துண்டில் கம்பி மஞ்சளாக மின்னியது. வெடித்த இடத்தில் செந்துருவாக இருந்தது. வெளி ரப்பர் கிழிந்து, பல நாள் தண்ணீர் உள்ளே போயிருந்தால்தான் அப்படித் துரு ஏறும். அதிக அழுத்தத்தில் ஒரே அடியாக வெடித்திருந்தால் கம்பி பளபளவென்று அறுந்திருக்கும். “இது இன்னிக்கு வெடிச்சதில்லைங்க. நசுங்குன அன்னைலருந்தே வெடிச்சிட்டிருந்தது. நீங்க பாத்தது முடிவு.”

வண்டி ரிவர்ஸ் எடுக்கும்போது ஓஸின் மேல் ஏறிவிடுவது தினமும் நடக்கிறது. டிரைவர் இறங்கிப் பார்ப்பார், ஓஸ் முழுசாக இருக்கும், தண்ணீரும் வரும். ஒன்றும் ஆகவில்லை என்று போய்விடுவார். வாரங்கள் கழித்து வெடிக்கும்போது அந்த வண்டி ஒடிசாவிலோ மகாராஷ்டிரத்திலோ ஓடிக்கொண்டிருக்கும். கையில் கன்னோடு நிற்பவர் மட்டும்தான் அந்த இடத்தில் இருப்பார். ஓஸ் மாறும்வரை வண்டிக் கூலியும் இல்லை. பழி, கூலி நஷ்டம் இரண்டும் ஒரே ஆளின் தலையில் விழுகிற மாதிரி இந்தத் தொழில் அமைந்திருக்கிறது என்பது என் எண்ணம்.

கடைக்காரர் எல்லா நேரமும் தண்ணீர் அடிக்கிறவர் பக்கம் பேசுகிறவர் அல்ல. கன்னை ஒட்டி, ஓஸின் முனையைக் கவ்வும் உலோக உறையான ஃபெரூல் முடிகிற விளிம்பில் ஒடிந்து வந்தால், கன்னை மடக்கிப் பிடித்து அடித்திருக்கிறீர்கள் என்று முகத்துக்கு நேரே சொல்வார். மூணு நூல் ஓஸை 13 சென்டிமீட்டர் ஆரத்துக்குள் மடக்கக் கூடாது. வேலை முடிந்ததும் மோட்டாரை மட்டும் நிறுத்திவிட்டு, உள்ளே நிற்கிற அழுத்தத்தைக் கன்னை அமுக்கி இறக்காமல் வெயிலில் போட்டுவிட்டுப் போகிறவர்களையும் அவர் விடமாட்டார். சேசிஸுக்கு டீசல் அடித்துவிட்டு அந்தச் சகதியிலேயே ஓஸைக் கிடத்தி வைத்தால் மேல் ரப்பர் கொழகொழவென்று ஆகிவிடும். நாசில் அடிக்கடி அடைக்கிறது என்று யாராவது வந்தால் நாசிலைத் தொடவே மாட்டார். அடைத்தது என்ன நிறம் என்று கேட்பார். வெள்ளையாக இருந்தால் போர் தண்ணீரின் உப்பு. கருப்புத் தூளாக இருந்தால் ஓஸின் உள் ரப்பர் உதிர்கிறது, வெளியே எவ்வளவு புதுசாகத் தெரிந்தாலும் அதன் காலம் முடிந்தது.

தன் சரக்கு பற்றியும் அவருக்குப் புகார் உண்டு. புது ரோல் வந்ததும் ஓரங்குலம் வெட்டி, உள் ரப்பரின் கனத்தை நாலு பக்கமும் அளப்பார். ஒரு பக்கம் மெலிந்திருந்தால் அந்த ரோல் முழுக்க அப்படித்தான் இருக்கும். எழுத்தைத் தின்னர் தொட்ட துணியால் துடைத்துப் பார்ப்பார். சாயம் கையோடு வந்தால் எழுதியிருப்பதையும் நம்புவதில்லை. ஆனால் வெட்டிய ரோலைத் திருப்பி எடுக்க மாட்டோம் என்பார்களாம் அனுப்பியவர்கள். வெட்டாமல் குறை தெரியாது, வெட்டினால் குறை செல்லாது. ஜெர்மனியின் டி.ஐ.என். 20066 தரவிதி, ஓஸை ரோலாக நான்கு ஆண்டுகளுக்கு மேல் வைத்திருக்க வேண்டாம், பொருத்திய ஓஸின் ஆயுள் ஆறு ஆண்டு என்கிறது. இந்தச் சாலையில் ஆறு ஆண்டு வாழ்ந்த ஓஸை யாரும் பார்த்ததில்லை.

முதலாளி போனில் வந்தார். நடுவில் வெட்டி ஜாயின்ட் போட முடியாதா? முடியும். ஆனால் ஜாயின்ட்டின் இரண்டு பக்கமும் விறைப்பாகிவிடும், அடுத்து மடிவது அந்த விளிம்பில்தான். ஓஸ் கிளிப் போட்டு இறுக்கினால்? அதற்கு மட்டும் கடைக்காரரின் குரல் ஏறியது: “அது அடுப்புக் கேஸுக்குங்க. ரெண்டாயிரம் பவுண்டுக்குக் கிளிப்பு போட்டுக் குடுத்துட்டு நான் ராத்திரி தூங்க முடியாதுங்க.” கொஞ்ச நேரம் பேசியபின் புது ஓஸ் என்று முடிவானது. இரண்டு சுற்றுக் கம்பியே போட்டுவிடலாமே, 330 பார் தாங்குமே என்று நான் கேட்டதற்குப் பெரியவர் தலையாட்டவில்லை. கனம் கூடும், நாள் முழுக்க இழுக்க வேண்டியது நான்தான் என்றார்.

வெட்டுச் சக்கரத்தில் ஓஸை நேராக அறுத்து, உள்ளே ஒட்டிய தூளைக் காற்றடித்து வெளியேற்றினார். நிப்பிள் எவ்வளவு உள்ளே போக வேண்டுமோ அந்த அளவில் ஓஸின் மேல் ஒரு கோடு. கோடு வரை போகாமல் பிரஸ் செய்தால் என்றாவது நிப்பிளோடு கழன்று பறக்கும். ஃபெரூலை ஏற்றி, எட்டு டை கொண்ட கிரிம்பிங் மெஷினுக்குள் வைத்துப் பெடலை மிதித்தார். எட்டுப் பக்கமும் ஒரே சமயத்தில் நெருங்கி வந்து பிடித்து விட்டன. வெளியே எடுத்து மூன்று இடத்தில் அளந்தார். அதிகம் நசுக்கினால் உள் ரப்பர் வெட்டுப்படும், குறைந்தால் நழுவும். நடுவே இருப்பது மயிரிழை. பிறகு ஃபெரூலின் விளிம்பை ஒட்டி வெள்ளைப் பெயிண்டால் ஒரு வளையம். பெயிண்டுக்கும் ஃபெரூலுக்கும் நடுவே கருப்பு தெரிந்தால் அன்றே கொண்டுவரச் சொன்னார். கைப் பம்பில் தண்ணீர் ஏற்றி வேலை அழுத்தத்தைப்போல இரு மடங்குக்குக் கொண்டுபோய் நிறுத்திப் பார்த்தபின்தான் சுருட்டினார்.

பில் போடும்போது பெரியவர் முதல்முறையாகக் கேட்டு வாங்கினார். “காரணத்தயும் அதுலயே எழுதிருங்க.” கடைக்காரர் ஒரு கணம் பார்த்துவிட்டு, ஓஸின் அளவுக்குக் கீழே ‘டயர் ஏறி நசுங்கியது, ராம்ப் விளிம்பில் தேய்ந்து கம்பி துருப்பிடித்தது’ என்று எழுதி, தேதி போட்டுக் கொடுத்தார். பெரியவர் அதை மடித்துப் பிளாஸ்டிக் கவரில் போட்டுச் சட்டைப்பையில் வைத்தார்.

இன்னொன்றும் கேட்டார். செத்த ஓஸில் ஒரு நாலடியை நீளவாக்கில் கீறித் தந்தால் ராம்ப் விளிம்பில் கவ்வ வைத்துக் கட்டிவிடலாம். கடைக்காரர் வேண்டாம் என்றார், கம்பி பிதுங்கிக்கொண்டு புது ஓஸையே அறுக்கும். உள்ளே போய் ரிக் கம்ப்ரஸரிலிருந்து கழற்றிப் போட்ட, நூல் பின்னிய தடித்த காற்று ஓஸ் ஒன்றை இழுத்து வந்தார். நாலடி போதாது, ராம்பின் அந்தப் பக்க விளிம்புக்கும் சேர்த்து எடுத்துக்கோ என்று எட்டடி அளந்து கீறினார். அதற்குக் காசு வாங்கவில்லை.