மைக்கின் சொந்தச் சத்தம்

மைக் வாங்க நினைப்பவர்கள் விலையைப் பார்ப்பார்கள், கூடவே யார் யார் அதைப் பாராட்டினார்கள் என்று பார்ப்பார்கள். என் கண் மட்டும் விவரப் பட்டியலின் ஒரு மூலையிலேயே நின்றுவிட்டது. ‘செல்ஃப் நாய்ஸ்’ என்று ஒரு வரி, பக்கத்தில் ஓர் எண். ஆடியோ டெக்னிக்காவின் ஏடி2020 மைக்குக்கு 20 டெசிபெல். ரோடு நிறுவனத்தின் என்டி1-ஏ மைக்குக்கு 5. யாரும் பேசாமல், எதுவும் அசையாமல் இருக்கும்போதும் மைக் தனக்குத்தானே எழுப்பிக்கொள்ளும் சத்தத்தின் அளவு அது. கேட்பதற்கென்றே செய்த கருவிக்குச் சொந்தமாக ஒரு சத்தம் உண்டு என்பது பல நாள் என் மனத்தைவிட்டு அகலவில்லை.

இவை இரண்டும் கண்டென்சர் வகை மைக்குகள். இவற்றின் உள்ளே, தங்கம் பூசிய மெல்லிய பிளாஸ்டிக் படலம் ஒன்று இழுத்துக் கட்டப்பட்டிருக்கும். தடிமன் சில மைக்ரான்தான். தலைமயிரைவிடப் பல மடங்கு மெல்லியது. அதன் பின்னால், தொட்டும் தொடாமலும், ஓர் உலோகத் தகடு. குரல் பட்டுப் படலம் அசைந்தால் இடைவெளி மாறும். அந்த மாற்றமே மின்சாரமாக வெளியே வருகிறது. நாம் பேச்சை நிறுத்தலாம், காற்றை நிறுத்த முடியாது. அதன் மூலக்கூறுகள் அந்தப் படலத்தின்மேல் ஓயாமல் வந்து மோதிக்கொண்டிருக்கின்றன. உள்ளே இருக்கும் மின்சுற்றின் இரைச்சலும் அதோடு சேர்கிறது. இரண்டும் கலந்ததுதான் அந்த எண். படலம் பெரிதானால் குரலிலிருந்து கிடைக்கும் மின்சாரம் கூடும், இரைச்சல் அதற்குக் கீழே அமுங்கும். ஓர் அங்குலப் படலம் கொண்ட என்டி1-ஏ, அதைவிடச் சிறிய படலம் கொண்ட ஏடி2020-ஐவிட அமைதியாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1967-இல் வந்து, இன்றுவரை உலகத்துப் பெரிய ஸ்டுடியோக்கள் போற்றும் நாய்மன் யூ87 மைக்கின் இப்போதைய வடிவத்துக்கு இந்த எண் 12. சில லட்சம் ரூபாய் மைக்கைவிட, அதன் விலையில் சிறு பங்கே ஆகும் மைக் அமைதியாக இருக்கிறது. தொனியின் அழகு வேறு விஷயம். அமைதியைக் காசு கொடுத்து வாங்கப் பெரும் பணக்காரராக இருக்க வேண்டிய காலம் போய்விட்டது.

கண்டென்சர் மைக் பாட்டுக்காகப் பிறந்ததல்ல. 1916-இல் அமெரிக்காவின் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் வென்ட் என்ற இயற்பியலாளர் இதை உருவாக்கினார். அடுத்த ஆண்டு அவர் எழுதிய ஆய்வுக் கட்டுரை, ஒலியின் செறிவைத் துல்லியமாக அளக்கும் கருவி என்றே இதை அறிமுகப்படுத்துகிறது. எனக்கு இது முக்கியமான செய்தி. அளப்பதற்காகப் பிறந்த கருவி குரலுக்குத் தயவு காட்டாது, குழாயடிச் சத்தத்துக்கும் காட்டாது.

பிறகு அது மலிவானது. 1962-இல் பெல் ஆய்வகத்தில் ஜெர்மானியரான கெர்ஹார்ட் செஸ்லரும், கறுப்பின அமெரிக்கரான ஜேம்ஸ் வெஸ்ட்டும் மெல்லிய பிளாஸ்டிக் படலத்தில் மின்னூட்டத்தைத் தங்கவைத்தார்கள். எலக்ட்ரெட் மைக் பிறந்தது. தொலைபேசி, டேப் ரெக்கார்டர், காது கேட்கும் கருவி எல்லாவற்றிலும் அது புகுந்தது. ஏடி2020-உம் அந்த வம்சம்தான்.

இந்த மைக்குகளுக்கு 48 வோல்ட் மின்சாரம் கொடுக்க வேண்டும். கணினிக்கும் மைக்குக்கும் நடுவே நாம் வைக்கும் இன்டர்ஃபேஸ் பெட்டியில் ‘48V’ என்று ஒரு பொத்தான் இருக்கும். ஐம்பதும் இல்லை, இருபத்துநான்கும் இல்லை, ஏன் 48? 1966-இல் நார்வே வானொலிக்காக நாய்மன் நிறுவனம் ஒரு டிரான்சிஸ்டர் மைக் செய்து கொடுத்தது. குளிர்காலத்தில் நார்வேயில் பகல் வெளிச்சம் குறைவு. அதனால் அந்த வானொலி நிலையத்தில் அவசர விளக்குகளுக்காக 48 வோல்ட் மின்சாரம் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. மைக்கும் அதையே எடுத்துக்கொள்ளட்டும் என்று முடிவு செய்தார்கள். பின்னால் உலகம் முழுக்க அதுவே நியதி ஆனது. சித்திரை வெயிலில், மின்விசிறியை நிறுத்திவிட்டு வியர்வையோடு அந்தப் பொத்தானை அழுத்தும்போதெல்லாம் எங்கோ வடக்கே இருண்டு கிடக்கும் ஒரு பகலை நினைத்துக்கொள்கிறேன்.

நான் பதிவு செய்வது பாட்டு அல்ல. பார்வையில்லாத மாணவர்களுக்காகப் புத்தகங்களை வாசித்துக் கொடுக்கிறேன். கேட்பவர் இயர்போனில் மணிக்கணக்காகக் கேட்பார். மறுநாள் அதையே மறுபடியும் கேட்பார். ‘ச’வும் ‘ஸ’வும் ஊசியாகக் குத்தினால் அரை மணி நேரத்தில் தலை வலிக்கும். மலிவு விலை மைக்குகள் பலவற்றில் இந்தக் குத்தல் உண்டு, காரணமும் உண்டு. நாய்மன் 1960-இல் யூ67 மைக்குக்காகச் செய்த கே67 என்ற தலைப்பகுதி உச்ச ஒலிகளைத் தூக்கிக் காட்டும். அதை அடக்க அதே மைக்கின் மின்சுற்றில் ஏற்பாடு இருந்தது. பிற்காலத்தில் தலைப்பகுதியை மட்டும் நகல் எடுத்தவர்கள் பலர் அந்த ஏற்பாட்டை விட்டுவிட்டார்கள். வாங்கும் முன் பெண் குரல், ஆண் குரல் இரண்டிலும் சகரம் நிறைந்த பத்தி ஒன்றை வாசிக்கச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள். பட்டியல் சொல்லாததை அது சொல்லிவிடும்.

நல்ல குரல் பதிவு எப்படி அமைகிறது என்பதை நான் எந்தக் கடையிலும் கற்கவில்லை. கல்லூரியில் படித்தபோது திருச்சி வானொலி நிலையத்தின் ‘இளைய பாரதம்’ நிகழ்ச்சியில் பேச அழைப்பு வந்தது. ஸ்டுடியோவுக்கு இரண்டு கதவுகள். ஒன்றைத் திறந்து உள்ளே போய் அதைச் சாத்திய பிறகுதான் அடுத்ததைத் திறக்க வேண்டும். இரண்டாவது கதவு மூடியதும் காது அடைத்துக்கொண்டதுபோல் இருந்தது. சுவர் முழுக்கத் துளைகள் போட்ட பலகை, தரையில் கம்பளம், மேசைமேல் தடித்த துணி. கைக்கடிகாரம் ஓடுவது கேட்டது. எச்சில் விழுங்கினால் அதுவும் கேட்டது. ஊரில் நாங்கள் அமைதி என்று சொல்லிக்கொண்டிருந்ததில் எத்தனை சத்தம் இருந்திருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

அங்கே ஒரு பெரியவர் இருந்தார். என் தாள்களை வாங்கி, முதலில் குண்டூசியைக் கழற்றினார். “படிச்சு முடிச்ச தாளைப் புரட்டாதீங்க தம்பி. மெதுவா பக்கவாட்டில் நகர்த்திடுங்க” என்றார். பிறகு கண்ணாடிக்கு அப்பால் போய் உட்கார்ந்து, ஒலிபெருக்கி வழியாக, “காலையில என்ன சாப்பிட்டீங்க? விவரமா சொல்லுங்க” என்று கேட்டார். இட்லியையும் சட்னியையும் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். குரல் அளவு பார்க்கிறார் என்பது புரியாமல், அக்கறையாக விசாரிக்கிறார் என்றே நெகிழ்ந்துபோனேன். அவர் எழுந்து வந்தார். விசையைத் திருகி அளவைக் கூட்டியிருக்கலாம், அதைச் செய்யவில்லை. என் நாற்காலியை நாலு விரற்கடை முன்னால் இழுத்துப் போட்டார். “எதிரில ஒருத்தர் உட்கார்ந்திருக்கார். அவர் ஒருத்தருக்குத்தான் சொல்றீங்க. ஊருக்கே சொல்லாதீங்க.” சிவப்பு விளக்கு எரிந்தது. என்ன பேசினேன் என்பது மறந்துவிட்டது. நாற்காலி நகர்ந்த அந்த நாலு விரற்கடை மறக்கவில்லை.

அந்த நாலு விரற்கடைக்குப் பின்னால் கணக்கு இருக்கிறது. வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரத்தைப் பாதியாக்கினால் குரல் ஏறத்தாழ 6 டெசிபெல் கூடும். தெருச் சத்தம் அப்படியே இருக்கும். இதைச் சொல்லாமல், கண்டென்சர் மைக் எல்லாச் சத்தத்தையும் இழுக்கும், டைனமிக் என்ற இன்னொரு வகை மைக் இழுக்காது என்று ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருப்பதில் எனக்கு வருத்தம் உண்டு. டைனமிக் மைக்கை உதட்டோடு ஒட்டிப் பிடித்துப் பேசுகிறோம், கண்டென்சரை ஒரு முழம் தள்ளி வைக்கிறோம். வித்தியாசத்தின் பெரும்பங்கு அந்த முழத்தில்தான். இரண்டையும் ஒரே தூரத்தில், ஒரே திசை நோக்கி வைத்தால் குரலுக்கும் சந்தடிக்கும் உள்ள விகிதம் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். ஒரு சாண் போதும். அதற்கும் நெருங்கினால் அடிக்குரல் தடித்து, ‘அப்பா’ என்பதன் பகரம் காற்றாக மோதும். அதற்குத் துணி வடிகட்டி ஒன்றை நடுவில் வைத்து, மைக்கைச் சற்றே ஓரமாகத் திருப்பினால் சரியாகிவிடும்.

அதனால் 5-க்கும் 20-க்கும் இடையில் நான் தேர்ந்தது 20. இரவில் ஜன்னல் சாத்திய படுக்கையறையே 30 டெசிபெல் சுமாருக்கு இருக்கும்; ஒரு சாண் தூரத்தில் வாசிக்கிற குரல் எழுபதைத் தாண்டும். வீணையோ தம்புராவோ பதிவு செய்பவர் என்டி1-ஏ பக்கம் போகலாம். தந்தி நாதம் தேய்ந்து அடங்கும் இடத்தில்தான் மைக்கின் இரைச்சல் தலைகாட்டும். வாசிப்பில் அப்படி ஓர் இடம் அபூர்வம்.

மிச்சப் பணம் அறைக்குப் போனது. மொசைக் தரையும் சுண்ணாம்புச் சுவரும் குரலைத் திருப்பித் திருப்பி அடிக்கும். ஜமக்காளம் தொங்கவிட்டால் மேல்ஸ்தாயி எதிரொலி மட்டும் குறையும். நிமிர்த்தி வைத்த இலவம்பஞ்சு மெத்தைதான் கீழ்ஸ்தாயி வரை உறிஞ்சும். துணி அடைத்த பீரோவின் கதவைத் திறந்து வைப்பதும் நல்ல பலன் தரும். கடலோர ஊர்க்காரர்கள் இன்னொன்றும் செய்ய வேண்டும்: வேலை முடிந்ததும் மைக்கை சிலிக்கா ஜெல் பையோடு மூடி வைக்க வேண்டும். ஈரம் படிந்த படலத்திலிருந்து பொரி வறுப்பதுபோல் வெடிச் சத்தம் வரும்.

இவ்வளவும் செய்த பிறகு, பதிவின் தொடக்கத்தில் ஒரு நிமிடம் எதுவும் பேசாமல் வெறும் அறையைப் பதிந்து வைக்கிறேன். வாசிப்பில் இருமலை வெட்டி எடுத்துவிட்டு அந்த இடத்தைச் சுத்தமான வெறுமையாக விட்டால், கேட்பவருக்குப் பதிவு அறுந்ததுபோல் தெரியும். இரைச்சல் நீக்கும் மென்பொருளை முழு வேகத்தில் ஓட்டினால் மூச்சும் சேர்ந்து போய்விடும். மூச்சில்லாத வாசிப்பை நான் யாருக்கும் கொடுக்க மாட்டேன். வெட்டிய இடத்தில் அந்த வெறும் அறையிலிருந்து ஒரு துண்டை ஒட்ட வேண்டும். அதுவும் அன்றைய அறையாகவே இருக்க வேண்டும். மே மாதம் பதிந்த துண்டு, ஜன்னலுக்கு வெளியே மழை விட்டுவிட்டுச் சொட்டும் கார்த்திகை அத்தியாயத்தில் ஒட்டாது.