கம்பத்தில் தொங்கும் வளையம்

திண்டுக்கல், வத்தலக்குண்டு, நிலக்கோட்டை, ஒட்டன்சத்திரம் என்று சாலைகள் பிரியும் ஊர் செம்பட்டி. பேருந்துக்கு நிற்கிற கூட்டத்தில் அண்ணாந்து பார்ப்பவர் குறைவு. பார்த்தால் கம்பங்களில் கறுப்புக் கேபிள் ஓடுவதும், இடையிடையே சுருட்டிக் கட்டிய வளையங்கள் தொங்குவதும் தெரியும். ஃபைபர் அறுந்தால் இழுத்து ஒட்டுவதற்கென்று விட்டுவைத்த உபரி நீளம் அது. இந்த ஃபைபர் வலைப்பின்னலைச் செயற்கை நுண்ணறிவு காக்கும் என்கிற பேச்சை இந்த வளையத்தை வைத்தே எடைபோட வேண்டும் என்பது என் கருத்து.

முதலில் கைவேலை. கேபிளுக்குள் இருக்கும் கண்ணாடி இழையின் குறுக்களவு 125 மைக்ரான்; அதன் நடுவே ஒளி ஓடும் பாதை சுமார் 9 மைக்ரான்தான். ஜாயிண்ட் போடுபவர் நீலம், ஆரஞ்சு, பச்சை, பழுப்பு என்று நிற வரிசைப்படி இழைகளைப் பிரிக்கிறார். மேலுறையை உரித்து, ஆல்கஹாலில் துடைத்து, முனையை நேராக வெட்டி ஸ்ப்ளைசிங் மெஷினில் வைக்கிறார். மெஷின் இரு முனைகளையும் நேர்படுத்தி, மின்பொறியில் உருக்கி ஒட்டுகிறது. முனையில் ஒரு தூசி இருந்தாலும் ஒட்டு கெடும். திரையில் ஒளியிழப்பு கூடுதலாகக் காட்டினால் வெட்டிவிட்டு மறுபடி தொடங்க வேண்டும்.

அறுந்த இடத்தைத் தேடுவது ஓடிடிஆர் கருவி. இழைக்குள் ஒளித்துடிப்பை அனுப்பி, திரும்பி வரும் ஒளியைக் கொண்டு தூரம் சொல்லும். கருவி வரையும் கோட்டைப் பழைய கோடுகளோடு ஒப்பிட்டு, இது வளைவு, இது ஒட்டு, இது முறிவு என்று பிரித்தறியவும், இழப்பு மெல்லக் கூடும்போதே எச்சரிக்கவும் செயற்கை நுண்ணறிவால் முடியும். ஆனால் அது சொல்வது இழையின் நீளம். சாலையின் நீளம் அல்ல. கிலோமீட்டருக்கு 20 மீட்டர் வளையம் ஒன்று இருந்தால் பத்தாவது கிலோமீட்டரில் கணக்கு 200 மீட்டர் தள்ளிப்போகும். எந்தக் கம்பத்தில் எவ்வளவு சுருட்டியிருக்கிறது என்பது ஜாயிண்ட் போட்டவருக்குத் தெரியும். அவர் எழுதி வைக்காவிட்டால் மென்பொருளுக்குத் தெரியாது.

வரைபடம் இருக்கிறதே என்பார்கள். அது கேபிள் போட்ட நாளின் வரைபடம். கேபிள் அறுந்து, புதுத் துண்டு சேர்த்து ஒட்டிய பிறகு அது பழசாகிவிடும். மெஷின் வந்தால் ஆள் எதற்கு என்பார்கள். இழையை நேர்படுத்தும் வேலையை மெஷின் எடுத்துக்கொண்டு வெகுநாளாயிற்று. கம்பத்தில் ஏறும் வேலையும் முனையைத் துடைக்கும் வேலையும் ஆளிடமே இருக்கின்றன. செயற்கை நுண்ணறிவு என்பது ஸ்மார்ட் சிட்டி சங்கதி, அது செம்பட்டிக்கு எதற்கு என்பதும் ஒரு கேள்வி. 2015இல் தொடங்கிய ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் தமிழகத்தின் 11 நகரங்கள் இருந்தன, திண்டுக்கல் இல்லை. ஆனால் தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளையும் ஃபைபரால் இணைக்க வந்ததுதான் பாரத்நெட் திட்டம். நகரத்தில் ஒரு வழி அறுந்தால் மாற்றுவழி கிடைக்கும். ஒற்றைக் கேபிளை நம்பியிருக்கும் கிராமத்தில் இ-சேவை மையம் அன்றைக்கு மூடிக்கிடக்கும். விரைவான தேடல் அங்கேதான் அதிகம் தேவை.

ஆகவே மென்பொருளுக்குப் பணம் ஒதுக்குபவர்கள் குறிப்பேட்டுக்கும் ஒதுக்கட்டும். ஒட்டிய இடம், சேர்த்த நீளம், விட்ட வளையம் மூன்றையும் பதிவதும் வேலைதான். ஒட்டுக்குக் கூலி கொடுப்பதுபோல அதற்கும் கூலி கொடுக்க வேண்டும்.