வள்ளத்திலை நிக்கிற தண்ணி

ஊர்க் கட்டுமரத்துக்கு இந்தப் பிரச்சினையே இல்லை. ஏறின தண்ணி மரங்களுக்கு இடையாலை தானாப் போயிடும். ஒஸ்லோவிலை நான் வாங்கின பழைய 16 அடி பைபர் வள்ளத்துக்கு, தளத்துத் தண்ணி வெளியிலை போக பின்பக்கம் 25 மில்லிமீற்றர் ஓட்டை ஒண்டே ஒண்டு. அதை அடைக்க இலையுதிர்காலத்து இலை ஒண்டு போதும்.

கணக்குப் பாருங்கோ. 2 சதுர மீற்றர் தளத்திலை 10 சென்ரிமீற்றர் தண்ணி நிண்டால் 200 கிலோ. பாரம் மட்டுமெண்டாலும் பரவாயில்லை. வள்ளம் சரியிற பக்கம் தண்ணியும் ஓடிப்போய் இன்னும் சரிக்கும். பிள்ளையளை ஏத்திக்கொண்டு போறவனுக்கு இது விளையாட்டில்லை.

ரெண்டு மூலையிலும் 50 மில்லிமீற்றர் ஓட்டை போட்டன். விட்டம் ரெண்டு மடங்கெண்டால் பரப்பு நாலு மடங்கு. பின்பலகைக்கு உள்ளுக்கை இருக்கிறது ஒட்டுப்பலகை. வெட்டின விளிம்புக்கு எப்பொக்சி பூசாட்டி உக்கிப்போகும். அலை திரும்பி வராமல் வெளியிலை ரப்பர் மூடி.

ஆனால் தளம் கடல்மட்டத்துக்கு மேலை நிக்காட்டி எந்த ஓட்டையாலையும் தண்ணி உள்ளுக்குத்தான் வரும். எஞ்சின் பாரத்திலை பின்பக்கம் தாழ்ந்து கிடந்தது. பற்றரியையும் பெற்றோல் ராங்கையும் அணியப் பக்கம் நகர்த்த ரெண்டு விரல் உயர்ந்தது. அதுக்காக அணியத்தைத் தாழ்த்தினால் தண்ணி முன்னுக்குப் போய்த் தேங்கும், கவனம்.

பத்து வாளி ஊத்திப் பாத்தம். ரெண்டு நிமிசத்துக்குள்ளை தளம் காலி. மகளுக்கு அது காணாதாம். இன்னும் பத்து வாளி ஊத்தச் சொல்லி நிக்கிறாள்.