அங்க அடையாளங்கள்

பள்ளிக்கூடத்து உபாத்தியாயர்களுக்கு ஒரு பெரிய கஷ்டம் உண்டு. தாமும் ஒரு காலத்தில் மாணாக்கர்களாக இருந்தவர்கள் என்னும் ரகசியத்தை அவர்கள் வெகு ஜாக்கிரதையாக மறைத்து வைக்க வேண்டியிருக்கிறது. இருபது வருஷ காலம் நான் கட்டிக் காத்து வந்த அந்த ரகசியம், சென்ற சித்திரை மாதத்தில் ஒரே நாளில் அம்பலமாகிவிட்டது. 1996-ஆம் ஆண்டில் என்னோடு பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதியவர்கள் எல்லோரும் கைப்பேசியில் ஒருவரையொருவர் தேடிப் பிடித்து, இராஜபாளையத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் கூடிவிட்டார்கள்!

நான் பிறந்த ஊர் சோழபுரம். பாண்டிய நாட்டின் நட்ட நடுவில் சோழனுக்கு ஏது புரம் என்று வாசகர்கள் கேட்கலாம். பள்ளியில் நான் கேட்ட ஒரே நல்ல கேள்வியும் அதுதான். "முதலில் சோழன் எந்த நாட்டை ஆண்டான் என்பதைப் பரீட்சையில் சரியாக எழுது, அப்புறம் அவன் இங்கே வந்த காரணத்தை விசாரிக்கலாம்" என்றார் எங்கள் சரித்திர ஆசிரியர். அவருக்கு எங்கள் பகுதியைப் பற்றி மிகுந்த பெருமை. 1949 முதல் 1952 வரை சென்னை மாகாணத்தின் முதன்மைப் பதவியில் இருந்த குமாரசாமி ராஜா இந்த இராஜபாளையத்துக்காரர், தம் சொந்த வீட்டையே காந்தி கலை மன்றத்துக்குக் கொடுத்தவர் என்று வாரத்துக்கு ஒரு முறையாவது சொல்லுவார். பிறகு எங்களை வரிசையாகப் பார்ப்பார். பெருமூச்சு விடுவார். அந்தப் பெருமூச்சின் பொருள் எங்களுக்கு நன்றாக விளங்கும்.

அவர் பயந்தது சரியாகவே போயிற்று. 2005-ஆம் ஆண்டில் இந்தியத் தபால் இலாகா இராஜபாளையம் நாயின் படம் போட்டுத் தபால் தலை வெளியிட்டது. எங்கள் வகுப்பில் ஒருவனுக்கும் இதுவரையில் அந்தப் பாக்கியம் கிட்டவில்லை.

அந்த வகுப்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்லத்தான் வேண்டும். பெயர்களை எழுதினால் மண்டபத்திலிருந்து நேரே என் வீட்டுக்குச் சண்டைக்கு வந்துவிடுவார்கள். ஆகையால் பெஞ்சுக் கணக்கில் சொல்கிறேன்.

முதல் பெஞ்சில் இருந்தவன் ஒரு நாளும் தப்பாக விடை எழுதியதில்லை. ஒரு நாளும் பிறருக்குக் காட்டியதுமில்லை. இப்போது ஒரு பாங்கியில் பெரிய உத்தியோகத்தில் இருக்கிறான். இரண்டாம் பெஞ்சுக்காரன் பிரிவு உபசாரத்தன்று ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவா மூன்று பொட்டலத்தைத் தனியாகத் தீர்த்தவன். அந்தப் பால்கோவாவுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது, "அதன் அருமையை அன்றே அறிந்தவன் நான்" என்று எங்களுக்கெல்லாம் செய்தி அனுப்பினான். மூன்றாம் பெஞ்சில் ஒரு வேதாந்தி. நம் சர்க்கார் முத்திரையில் உள்ள கோபுரம் ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரம் என்பது எங்கள் பக்கத்தாரின் திடமான நம்பிக்கை. அந்த முத்திரையை மார்க் பட்டியலின் தலையில் கண்ட வேதாந்தி, "மேலே பார்த்தால் கோபுரம், கீழே பார்த்தால் அஸ்திவாரம்" என்றான். அவனுடைய மார்க்குகளுக்கு அதைவிடச் சிறந்த விமரிசனம் கிடையாது.

கடைசிப் பெஞ்சுக்கு இப்போது வருகிறேன். அதில் இருந்தவன் என் ஊர்க்காரன். சோழபுரத்திலிருந்து தினந்தோறும் என் சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து வருவான். ஒரு நாள், இரண்டு கைகளையும் விட்டுவிட்டுச் சைக்கிள் ஓட்டும் என் வித்தையை அவனுக்குக் காட்டினேன். சஞ்சீவி மலையின் அழகில் அவன் லயித்திருந்த சமயம் அது. அடுத்த கணம் நாங்கள் இருவரும் வாய்க்காலில் கிடந்தோம். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. அவனுடைய இடது முழங்கால் கிழிந்து போயிற்று. காயத்துக்குக் கட்டும் மருத்துவத் துணியை ஊர் ஊராக நெய்து அனுப்புகிற சத்திரப்பட்டி எங்களுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. இருந்தென்ன? அன்று அவன் முழங்காலுக்குக் கிடைத்தது என் அழுக்குக் கைக்குட்டைதான்.

பள்ளியை விட்டுப் போகும் காலத்தில் மாற்றுச் சான்றிதழில் ஒவ்வொருவனுக்கும் இரண்டு அங்க அடையாளங்கள் எழுதியாக வேண்டும். எங்கள் வகுப்பாசிரியர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மச்ச வேட்டையில் இறங்கினார். சிலருக்கு நட்சத்திரக் கூட்டம் போல் மச்சங்கள். அவற்றில் எதை விடுவது என்று திகைத்தார். என் நண்பனிடமோ ஒன்றுதான் அகப்பட்டது. "இன்னொன்றுக்கு நான் எங்கேயடா போவேன்?" என்று அலுத்துக்கொண்டார். நண்பன் முழங்காலைக் காட்டினான். 'இடது முழங்காலில் தழும்பு' என்று எழுதி முடித்தார். என் கைவண்ணம் ஒன்று சர்க்கார் தஸ்தாவேஜில் ஏறியது அன்றுதான்.

பரீட்சைக்குப் படிக்க வேண்டிய அந்த மார்ச்சு மாதத்தில் உலகக் கோப்பைக் கிரிக்கெட் வந்து சேர்ந்தது. 13-ஆந் தேதி கல்கத்தாவில் இலங்கையுடன் அரையிறுதி ஆட்டம். ஒரு விக்கெட்டுக்கு 98 ஓட்டம் என்றிருந்த இந்தியா, எட்டு விக்கெட்டுக்கு 120 என்று சரிந்தது. ஜனங்கள் ரகளை செய்ய, ஆட்டம் நின்று, வெற்றி இலங்கைக்குப் போயிற்று. "தேசமே தோற்கலாமாம், நான் கணக்கில் தோற்றால் மட்டும் குற்றமோ?" என்றான் நண்பன். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம்.

பரீட்சை முடிவு இந்தக் காலத்தில் கைப்பேசிக்கே வந்துவிடுகிறது. 2017 முதல் மாநிலத்தில் முதலிடம், இரண்டாமிடம் என்று பறை சாற்றுவதையும் நிறுத்திவிட்டார்கள், நல்ல காரியம். அந்த நாளில் மாலைப் பத்திரிகையில் தேறியவர்களின் எண்கள் மட்டும் எறும்பு வரிசை போல் அச்சாகி வரும். அகர வரிசையில் என் பெயருக்கு அடுத்தது என் நண்பன் பெயர். ஆகவே எண்ணும் அடுத்த எண்தான். பஸ் நிலையத்துக் கடையில் கூட்டத்தை இடித்துத் தள்ளிப் பத்திரிகையைப் பிரித்தேன். என் எண் இருந்தது. அடுத்த எண் இல்லை.

நான் அன்று சைக்கிளில் ஊர் திரும்பியபோது பின்னால் பாரமில்லை. ஆனால் அவ்வளவு கனமாக நான் அதை மிதித்ததேயில்லை. அவன் வீட்டைத் தாண்டித்தான் என் வீட்டுக்குப் போக வேண்டும். திண்ணையில் அவன் உட்கார்ந்திருந்தான். நான் தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டேன். மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். மறுநாள் அதற்கு மறுநாளாயிற்று. பிறகு நான் மேல்படிப்புக்கு வெளியூர் போனேன். அந்த மறுநாள் வரவேயில்லை.

சென்ற சித்திரையில் மண்டபத்தில் எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பிறகு அவன் வந்தான். தலை பாதி நரைத்திருந்தது. வாசற்படியிலேயே நின்றுகொண்டு, என்னைப் பார்த்து, "வணக்கம் சார்" என்றான்.

உபாத்தியாயராகி இத்தனை வருஷத்தில் அந்த 'சார்' என்னும் சொல் என்னை இவ்வளவு சுட்டதில்லை.

"என்னடா சார்? ஏன் இவ்வளவு தாமதம்?" என்று கையைப் பிடித்து இழுத்தேன்.

"இது பாஸ் செய்தவர்களுடைய கூட்டமாயிருக்குமோ என்று யோசனையாயிருந்தது" என்றான். பிறகு அவனே சிரித்தான். அந்த அக்டோபரிலேயே மறுபடி எழுதிக் கணக்கில் தேறிவிட்டானாம். இப்போது சத்திரப்பட்டியில் சொந்தமாகத் தறிகள் போட்டு, காயக் கட்டுத் துணிதான் நெய்கிறான்! வேட்டியைத் தூக்கி முழங்காலைக் காட்டி, "இதோ பார், உன் கையெழுத்து. இன்னும் அழியவில்லை" என்றான். மண்டபமே சிரித்தது.

சிரிப்பு அடங்கியதும் மெதுவாகக் கேட்டான்: "அன்று சாயங்காலம் நீ ஏன் நிற்காமல் போய்விட்டாய்?"

"என்ன சொல்வதென்று தெரியவில்லையடா" என்றேன். உண்மை அதுதான்.

"சொல்ல என்ன இருக்கிறது? திண்ணையில் வந்து சும்மா உட்கார்ந்திருந்தால் போதாதா?" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் எனக்குப் பதில் வரவில்லை.

வாத்தியார்களுக்கும் பாடம் உண்டு போலிருக்கிறது. அது சில சமயம் கடைசிப் பெஞ்சிலிருந்து வருகிறது. அடுத்த மாதம் பரீட்சை முடிவு வெளியானபோது என் வகுப்பில் இரண்டு பையன்கள் தேறவில்லை. அன்று சாயங்காலமே இருவர் வீட்டுக்கும் போனேன். முதல் வீட்டில் என்னைக் கண்டதும் பையனின் தாயார் வெலவெலத்துப் போய், "சார், இன்னொரு பாடத்திலும் போய்விட்டதா?" என்று கேட்டார்.

"இல்லை, அம்மா. சும்மா உட்கார்ந்து போகலாம் என்று வந்தேன்" என்றேன்.

உட்கார்ந்தேன். காப்பி வந்தது. பையன் சற்று நேரம் கதவுக்குப் பின்னால் நின்றான். பிறகு மெல்ல வந்து திண்ணையின் மறு கோடியில் உட்கார்ந்தான். துணைத் தேர்வைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை. பத்து நிமிஷம் கழித்து, "சார், நீங்கள் படிக்கும்போது கணக்கு எப்படி?" என்று கேட்டான்.

இருபது வருஷ ரகசியத்தை அவனிடம் சொல்லிவிட்டேன்.