துரோலாக் சாலையில் ஆறு சென்டிமீட்டர் டாங்கி

காரின் பின்னிருக்கையில் ஒரு பழைய பிஸ்கட் டின். உள்ளே பஞ்சு வைத்து நான்கு டாங்கிகள். மூன்று ‘சி-ஹா’, ஒரு ‘ஹா-கோ’. 1941 இறுதியில் மலாயாவுக்குள் ஜப்பானியர் ஓட்டி வந்த இரண்டு வகைகள். 72இல் ஒரு பங்கு அளவு என்பதால், ஐந்தரை மீட்டர் நீள சி-ஹா என் உள்ளங்கையில் ஏழரை சென்டிமீட்டர், ஹா-கோ ஆறுதான். பொம்மைக்கா இவ்வளவு காசு என்று வீட்டில் கேட்பது நின்றுபோய்ப் பல காலமாகிறது. இப்போதெல்லாம் “தூசு தட்டும்போது கம்பி உடைஞ்சா என்னைக் கேட்காதீங்க” என்பதோடு சரி. அந்தக் கம்பி, சி-ஹாவின் தலையைச் சுற்றி வளையமாக ஓடும் வானொலி ஏரியல். வானொலிக்காரனுக்கு அதன்மேல் தனிப் பாசம் இருக்காதா? ஆனால் எப்போதும் முதலில் உடைவதும் அதுதான்.

நண்பர்கள் நான்கு பேர் மாதம் ஒருமுறை என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் போர் ஆட்டம் ஆடுவோம். டாங்கி எவ்வளவு தூரம் நகரும் என்பதை அளவு டேப் சொல்லும். குண்டு பட்டதா இல்லையா என்பதைப் பகடை சொல்லும். சிலிம் ரிவர் சண்டையை மூன்று முறை ஆடினோம். மூன்று முறையும் ஜப்பானியர் தோற்றார்கள். வரலாற்றில் நடந்ததோ நேர்மாறு. எங்கே தப்பு என்று பார்க்கத்தான் ஒரு சனிக்கிழமை காலையில் கிளம்பினேன்.

தஞ்சோங் மாலிமில் நெடுஞ்சாலையை விட்டிறங்கி, பழைய கூட்டரசு சாலையில் பெஹ்ராங், சிலிம் ரிவர் தாண்டி வடக்கே போனால் துரோலாக். 1942 ஜனவரி 7, விடிவதற்கு முன் நிலா வெளிச்சத்தில், இதே சாலையில்தான் மேஜர் ஷிமாடாவின் டாங்கிகள் தெற்கு நோக்கி வந்தன. காலாட்படை முன்னால் போய் வழி திறப்பதுதான் அதுவரை வழக்கம். ஷிமாடா டாங்கிகளையே முன்னால் விட்டார். எதிரே 11ஆவது இந்திய டிவிஷன். ஹைதராபாத், பஞ்சாப் படைகள், கூர்க்காக்கள், ஸ்காட்லாந்தின் ஆர்கைல் படை. வாரக்கணக்கில் பின்வாங்கி, தூக்கமில்லாமல் கிடந்தவர்கள். அவர்கள் பக்கம் ஒரு டாங்கிகூடக் கிடையாது. இருந்த கண்ணிவெடிகளும் கொஞ்சம்தான்.

விடிந்தபோது பஞ்சாப் படை ஒன்றும் கூர்க்காக்களும் சாலையில் வரிசையாக நடந்துகொண்டிருந்தார்கள். டாங்கிகள் திடீரென வந்து சேர்ந்தன. பாலங்களைத் தகர்க்க நேரமில்லை. ஆறு மணி நேரத்தில் சுமார் 30 கிலோமீட்டர்; கடைசியில் ஒரு பீரங்கிப் படை நேருக்கு நேர் சுட்டுத்தான் முதல் டாங்கியை நிறுத்தியது. அதற்குள் இரண்டு பிரிகேடுகள் சிதறிவிட்டன. நான்கு நாளில், ஜனவரி 11, கோலாலம்பூர் விழுந்தது.

துரோலாக்கில் ஒரு காப்பிக் கடை. டின்னைத் திறந்து ஏரியலைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்து மேசைப் பெரியவர் எட்டிப் பார்த்தார். விஷயத்தைச் சொன்னதும் சிரித்தார்.

“இந்த ரோட்டையா பாக்க வந்தீங்க? பழைய ரோடு வேற தம்பி. வளைஞ்சு வளைஞ்சு தோட்டத்துக்குள்ள போகும். வெள்ளைக்காரன் நேராக்கினப்போ வளைவெல்லாம் அப்படியே கிடந்துச்சு. எங்கப்பா சைக்கிள்ல அதுலதான் போவாரு.”

தேத்தண்ணீரை வைத்துவிட்டு உட்கார்ந்தேன். எங்கள் மேசையில் இருந்தது நேர்கோட்டில் ஒரே சாலை. நடுவில் கண்ணிவெடி, தடுப்பு. வரும் டாங்கியெல்லாம் அங்கேயே முட்டி நின்றது. உண்மையில், கண்ணிவெடியில் மாட்டி முன்டாங்கி நின்றதும், மற்றவை ரப்பர் மரங்களுக்குள் கைவிடப்பட்டுக் கிடந்த இந்த வளைவுச் சாலைகளில் புகுந்து காவல் நிலைகளின் பின்னால் வந்துவிட்டன. புத்தகத்தில் படித்தும் அதை ஏதோ ஒற்றையடிப் பாதை என்று விட்டுவிட்டேன். அவர் கூட்டிப்போய்க் காட்டிய அப்படியொரு வளைவில் இன்றைக்கு லோரியே போகும்.

அவருடைய அப்பாவுக்கு அப்போது பத்து வயதாம். லயத்தில் படுத்திருந்தவர்கள் சத்தம் கேட்டு, மில்லுக்கு லோரி வருகிறது என்று நினைத்தார்களாம். பிறகு சுடும் சத்தம். பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு காட்டுப் பக்கம் ஓடி, இரண்டு நாள் கழித்துத் திரும்பினார்களாம்.

என் மேசையில் லயமே இல்லை. ரப்பர் மரங்களை முறுக்கிய கம்பியில் நானே செய்து, வரிசை பிசகாமல் நட்டிருந்தேன். அந்த மரங்களுக்குப் பால்வெட்ட ஆள் வேண்டுமே என்று ஒருமுறைகூடத் தோன்றவில்லை.

இப்போது மரமெல்லாம் செம்பனை. ஓரத்துச் செம்மண்ணை மட்டும் ஒரு பொட்டலம் அள்ளி வந்தேன். அரைத்து, நீர்த்த பசையில் குழைத்து டாங்கிச் சங்கிலியில் தடவினால், கடையில் விற்கும் எந்தச் சாயத்தையும்விட நன்றாக ஒட்டுகிறது.

வளைவுச் சாலைகளைச் சேர்த்து ஆடியதில் ஜப்பானியர் ஒன்பதாவது சுற்றிலேயே பாலத்தைத் தாண்டிவிட்டார்கள். லயத்தைத் தீக்குச்சியில் கட்டினேன். ஆட்கள்தான் கிடைக்கவில்லை. இந்த அளவில் எந்த நாட்டுச் சிப்பாயையும் பெட்டி பெட்டியாக வாங்கலாம். பால்வெட்டும் பெண்ணைச் செய்து விற்பார் இல்லை. ரயில்நிலைய மாடலுக்கு விற்கும் பயணிகளை வாங்கி, கவுனை அரம் போட்டுத் தேய்த்து, மெல்லிய காகிதத்தைப் பசையில் நனைத்துக் கைலியாகச் சுற்றினேன். இதுவரை ஆறு பேர் தேறியிருக்கிறார்கள். போன வாரம் ஒரு நண்பர் விதிப்புத்தகத்தைப் புரட்டிக்கொண்டே, “இவங்க எந்தப் பக்கம்? எத்தனை புள்ளி?” என்றார். விதியில் அவர்களுக்கு இடமில்லை. ஒவ்வொரு சுற்றிலும் பகடை உருட்டி, ஆறு அங்குலம் காட்டுப் பக்கம் நகர்த்துவது என்று நாங்களே ஒன்றை எழுதி வைத்திருக்கிறோம்.