தாய்ப்பூனைக்கு ஒரு முட்டை

காஞ்சிபுரத்திற்கு மேற்கே, பெங்களூர் நெடுஞ்சாலையில் பாலுசெட்டி சத்திரத்தை அடுத்துள்ள திருப்புட்குழியின் பெயரிலேயே ஒரு பறவை இருக்கிறது. புள் என்றால் பறவை. சடாயுவுக்கு இராமன் ஈமக்கடன் செய்த இடம் இது என்பது அங்குள்ள விசயராகவப் பெருமாள் கோவிலின் தலவரலாறு. பறவை இருக்கும் ஊரில் பூனை இல்லாமற் போகுமா? இராமானுசர் இளமையில் யாதவப்பிரகாசரிடம் பாடம் கேட்டது இவ்வூரில்தான் என்று வைணவ குருபரம்பரை நூல்கள் கூறும். அவருக்குப் பின் வந்தோர் நடத்திய பெரியதொரு வாதத்தின் நடுவே ஒரு பூனை வந்து அமர்ந்துகொண்டது.

குரங்குக்குட்டி தாயின் வயிற்றை இறுகப் பற்றிக்கொள்ளும். பிடி விட்டால் விழ வேண்டியதுதான். பூனைக்குட்டியோ எதையும் பற்றுவதில்லை; தாயே அதன் பிடரியைக் கவ்வித் தூக்கிச் செல்லும். மனிதனும் தன் பங்குக்குச் சிறிதேனும் பற்றிக்கொள்ள வேண்டும் என்றனர் வடகலையார். இறைவனே தூக்கிச் செல்வான் என்றனர் தென்கலையார். மர்க்கட நியாயம், மார்ச்சார நியாயம் என்று இவற்றிற்குப் பெயர். குருமடத்தில் அருளைப் பற்றிய பாடம் படித்தோர்க்கு இது புதிதன்று. 1588-இல் இயேசு சபையைச் சார்ந்த மோலினா ஒரு நூலை வெளியிட, தோமினிக்கன் சபையார் அதை எதிர்த்தனர். இறையருளா, மனித விருப்பமா என்னும் அவ்வழக்கு உரோமையில் 1598 முதல் 1607 வரை நடந்தது. இறுதியில் திருத்தந்தை ஐந்தாம் பவுல், எப்பக்கமும் தீர்ப்புக் கூறாமல், ஒருவரையொருவர் பழிக்க வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார். காஞ்சியிலிருந்து ஒரு பூனையையும் ஒரு குரங்கையும் கப்பலேற்றி அனுப்பியிருந்தால், வாதம் முடிந்திராவிடினும் கேட்போர்க்குச் சற்று எளிதாகப் புரிந்திருக்கும்!

விவிலியத்தில் பூனை உண்டா என்று மறைக்கல்விச் சிறுவர்கள் நம்மைக் கேட்பதுண்டு. உண்டு, ஒரே ஓர் இடத்தில். பாரூக்கு நூலின் ஆறாம் அதிகாரமாகிய எரேமியாவின் மடலில், பாபிலோனியச் சிலைகளின்மேல் வௌவாலும் குருவியும் அமர்கையில் பூனையும் உடன் அமர்கிறது. பிற சபைச் சகோதரர்களின் திருமுறையில் இந்நூல் இடம்பெறுவதில்லை. ஆகவே அங்கே வீட்டுப் பூனையும் இல்லை. பூனையைக் கத்தோலிக்கர் என்று சொல்லிக்கொள்ள நமக்கு உரிமை இருக்கிறது.

நமது பங்கு இல்லத்துப் பூனை எச்சபையைச் சார்ந்தது என்று அறியோம். ஆனால் முட்டையில் அதற்கு ஆழ்ந்த பற்று உண்டு. விறகு அடுக்கின் பின்னே அது மூன்று குட்டிகளை ஈன்ற நாள் முதல், சமையல் செய்யும் அம்மா ஒரு முட்டையை அவித்து, மசித்து, அதன்முன் வைக்கத் தொடங்கினார். பால் வைத்தால் போதாதா என்று கேட்டோம். அவர் சிரித்தார்.

“குட்டிக்குப் பால் குடுக்கிறவ, சாமி. ரெண்டு பங்கு தின்னாத்தான் உடம்பு தாங்கும்.”

அவர் சொன்னது முற்றிலும் சரி. குட்டிகளுக்குப் பாலூட்டும் பூனைக்கு வழக்கத்தைப் போல் இரண்டு, மூன்று மடங்கு உணவு தேவை என்பர் கால்நடை மருத்துவர். வளர்ந்த பூனைகள் பலவற்றிற்குப் பசும்பால் செரிப்பதில்லை. பூனை என்றதும் பால் நினைவுக்கு வருவது நமது கதைகளால் வந்த பழக்கம். முட்டையையும் வேகவைத்துத்தான் கொடுக்க வேண்டும். பச்சை வெள்ளைக்கருவில் உள்ள ஒரு பொருள் பயோட்டின் என்னும் உயிர்ச்சத்தை உடலில் சேரவிடாது. வெங்காயம் போட்ட பொடிமாஸ் பூனைக்கு ஆகவே ஆகாது. வெங்காயம் அதன் இரத்த அணுக்களை அழிக்கும். தாளிக்கும் முன்பே பூனையின் பங்கை எடுத்துவைப்பது நன்று.

மனிதர் பங்குக்கு வருவோம். முட்டையைப் போல் பெருகிக் கொடுக்கும் பொருள் ஏழை வீட்டுச் சமையலறையில் வேறொன்று இல்லை. இரண்டு முட்டையோடு நான்கு வெங்காயத்தை அரிந்து போட்டால் ஐந்து பேருக்குப் பொடிமாஸ். கொதிக்கும் குழம்பில் உடைத்து ஊற்றினால் ஒவ்வொரு கரண்டியிலும் ஒரு துணுக்கு. அவித்த முட்டையைக் கத்தியால் அறுத்தால் மஞ்சள்கரு உதிரும் என்று, நூலைச் சுற்றி இழுத்துச் சரிபாதியாக்கும் தாய்மார் இன்றும் உளர். தண்ணீரில் இட்டால் புதிய முட்டை அமிழும், பழையது மிதக்கும். நாள் செல்லச் செல்ல உள்ளிருக்கும் காற்றறை பெரிதாவதே காரணம். அறிவியல் சொல்லும் முன்பே நம் பாட்டிமார் கண்ட சோதனை இது.

திருச்சபையும் முட்டையை எளிதாக எண்ணியதில்லை. தவக்காலத்தில் முட்டை உண்ணலாகாது என்னும் ஒழுங்கைத் தூய தோமா அக்குவினா தமது பெருநூலிலேயே ஆய்கிறார். கோழி அந்நாள்களிலும் இட்டுக்கொண்டுதான் இருந்தது. சேர்ந்துபோன முட்டைகளெல்லாம் உயிர்ப்புப் பெருவிழாவன்று வண்ணம் பூசி வெளிவந்தன. அத்தடை பின்னர்த் தளர்ந்தது. திருத்தந்தை ஆறாம் பவுல் 1966-இல் வெளியிட்ட நோன்பு விதிகள் இறைச்சியைத்தான் விலக்குகின்றன, முட்டையை அல்ல.

தமிழகத்தில் ஏழைப் பிள்ளையின் தட்டுக்கு முட்டை வந்த வரலாறும் உண்டு. 1982-இல் தொடங்கிய சத்துணவுத் திட்டத்தில் 1989-இல் முட்டை சேர்ந்தது. முதலில் இரு வாரத்திற்கு ஒன்று. படிப்படியாக உயர்ந்து 2010-இல் வாரத்திற்கு ஐந்து ஆயிற்று. ஒரு முட்டையில் ஏறத்தாழ 6 கிராம் புரதம். அரசு செய்த நற்செயல்களுள் இது மிக நன்று. தந்தையிடம் முட்டை கேட்கும் பிள்ளைக்குத் தேளைக் கொடுப்பாருண்டோ என்னும் ஆண்டவரின் கேள்வி லூக்கா நற்செய்தியில் இருக்கிறது. கேட்கும் பிள்ளைக்கு முட்டை கிடைத்துவிடுகிறது. கேட்காதவருக்கு?

அன்று நாம் சமையல் அம்மாவிடம் வினவினோம்: “ஏம்மா, உங்க வீட்டுல முட்டைக் குழம்பு வெச்சா நீங்க எத்தனை முட்டை சாப்பிடுவீங்க?”

“எனக்கெதுக்கு சாமி முட்டை? அவருக்கும் பசங்களுக்கும் ஆச்சுன்னா சரி. எனக்குக் குழம்பு போதும்.”

குட்டி ஈன்ற பூனைக்கு முட்டை வேண்டும் என்று கண்டறிந்த அதே கை, தன் தட்டில் அதை வைத்துக்கொள்வதில்லை. இது அவர் ஒருவரின் கதையன்று. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழகத்தில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் பாதிக்கு மேற்பட்டோர் இரத்தசோகை உடையவர்கள். முட்டை ஒன்றே அதைத் தீர்க்காது. ஆனால் எல்லாரும் உண்டபின் மிஞ்சியதை உண்ணும் வழக்கம் தீராமல் இந்நோயும் முழுதாகத் தீராது. அவ்வழக்கத்தைத் தியாகம் என்று பாராட்டிவிட்டுத் தட்டை நீட்டிக்கொண்டே இருப்பது நமக்கு வசதியாகத்தான் இருக்கிறது.

வடகலையாரும் தென்கலையாரும், தோமினிக்கரும் இயேசு சபையாரும் குட்டியைப் பற்றியே பேசினர்: அது பற்றுகிறதா, பற்றப்படுகிறதா என்று. குட்டியைக் கவ்விச் சுமந்த தாய்ப்பூனை அன்று என்ன தின்றது என்று எவரும் கேட்கவில்லை. உவமையில் தாய் என்பது இறைவன். அவருக்குப் பசி இல்லை. வீட்டில் தாய் என்பவள் மனுசி. அவளுக்குப் பசி உண்டு.

ஆகவே வாசக அன்பர்களே, அடுத்த முறை உங்கள் இல்லத்தில் முட்டைக் குழம்பு கொதிக்கும்போது, தலைகளை எண்ணி முட்டைகளை அவியுங்கள். எண்ணும்போது சமைப்பவரையும் சேர்த்து எண்ணுங்கள். பரிமாறும் கரண்டியைப் பிள்ளைகளுள் ஒருவர் வாங்கிக்கொண்டு, முதல் முட்டையை அம்மாவின் தட்டில் இடட்டும். வேண்டாம் என்றுதான் சொல்வார். இட்டபின் அவர் உண்ணும்வரை அருகிலேயே இருங்கள்; இல்லையேல் அது மீண்டும் உங்கள் தட்டுக்கே வந்து சேரும்.